உலக நடனங்கள் பற்றிய சிறுவர் பாடல்கள்: எந்த ஆட்டத்துக்கு எந்தச் சந்தம்?

பவானிக்கரை:
வணக்கமுங்க. மூணாவதிலிருந்து அஞ்சாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க ஆண்டு விழாவுக்கு உலக நடனங்களைப் பத்திப் பாட்டு வேணும். பிள்ளைங்களே பாடிக்கிட்டு அந்தந்த ஆட்டத்துல ஒரு துணுக்கை ஆடியும் காட்டணும். பதிவு செஞ்ச இசை கிடையாது. ஒரு பறை, ஒரு ஜால்ரா, ஒரு ஆர்மோனியம், அவ்வளவுதான். வரைவு இப்படி இருக்குது:

ஆஸ்திரியா நாட்டினிலே வால்ட்ஸ் என்னும் நடனமாம்
அழகழகாய் உடையுடுத்தி ஆடுகிறார் பாருங்கள்
அயர்லாந்து நாட்டினிலே ஜிக் என்னும் நடனமாம்
அங்கேயும் உடையுடுத்தி ஆடுகிறார் பாருங்கள்

பொருள் புரியுது, பாடவும் வருது. ஆனா இதைப் பாடிக்கிட்டு வால்ட்ஸ் அடி வைக்கச் சொன்னா கால் வேற பக்கம் போகுது. எங்க திருத்தணும்னு சொல்லுங்க.

ஈரோட்டுச் சந்தம்:
தம்பி, முதல்ல இந்தச் சோதனையைச் செஞ்சு பாருங்க. நாட்டுப் பேரையும் ஆட்டத்துப் பேரையும் அழிச்சுட்டுப் படிங்க. எது வால்ட்ஸ், எது ஜிக்னு தெரியுதா? தெரியாது. ரெண்டும் ஒரே நாலு தட்டுல போகுது. வால்ட்ஸ் மூணு தட்டு ஆட்டம். வாய் நாலு எண்ணுறப்போ கால் மூணு எண்ண முடியாது, பெரியவங்களுக்கே தடுமாறும்.

அடுத்தது, "நாட்டினிலே", "என்னும் நடனமாம்", "பாருங்கள்" எல்லாம் இடத்தை அடைக்கிற சொல்லு. அந்த இடத்துலதான் காலடி வரணும், கை வரணும். நாலு வரியில ஒரு அசைவு கூட இல்லாத பாட்டு நடனப் பாட்டு ஆகாது.

எழுதுற முறை இதுதான். முதல்ல ஆட்டத்தோட எண்ணிக்கையைச் சொற்கட்டா எழுதிக்குங்க. மூணுன்னா தகிட, நாலுன்னா தகதிமி. சொற்கட்டை வாயில போட்டுக்கிட்டே அடி வெச்சுப் பாருங்க. கால் சரியா விழுந்த பிறகுதான் சொல்லு. எழுத்தை எண்ணுறப்போ சிந்துப் பாட்டுக்கு எண்ணுற மாதிரி எண்ணுங்க. புள்ளி எழுத்தை விட்டுட்டு உயிரும் உயிர்மெய்யும் மட்டும். குறிலும் ஒண்ணு, நெடிலும் ஒண்ணு. "வட்டமாய்" மூணு, "தங்கமே" மூணு, "பாப்பா" ரெண்டு. பாட்டுல ஒற்று பக்கத்து எழுத்தோட ஒட்டிக்கும், அதனால இந்தக் கணக்கு பாடுறப்போ ஏமாத்தாது.

தாளக்கட்டு:
அக்கா சொன்னபடியே வால்ட்ஸுக்கு ஒண்ணு போட்டுப் பார்த்தேன். சீருக்கு மூணு எழுத்து, வரிக்கு நாலு சீர்.

வட்டமாய் வட்டமாய்ச் சுற்றிவா தங்கமே
வியன்னாவின் வீதியில் வெண்ணிற மண்டபம்
முன்னொரு காலடி பக்கமாய் ஓரடி
சேர்த்தொரு காலடி மூன்றுதான் பாரடி

மூணாவது, நாலாவது வரி பெட்டி அடியேதான்: முன்னால ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, சேர்த்து ஒண்ணு. ஒவ்வொரு சீரோட முதல் எழுத்துலயும் பறையில அழுத்தமான அடி, மத்த ரெண்டுக்கும் குச்சி நுனியில லேசான தட்டு. மூணையும் ஒரே கனத்துல அடிச்சா அணிவகுப்பு மாதிரி ஆயிடும், சுழற்சி வராது.

ரெண்டாவது வரியில ஒரு சிக்கல் உண்டு. "வியன்னாவின்" நாலு எழுத்து. "வி" மேல அழுத்தம் போட்டா வாய் ஒத்துக்காது, கனமெல்லாம் "யன்" மேல இருக்குது. அதனால "வி"யைத் தாளத்துக்கு முன்னாடியே எடுத்துடுங்க. முதல் வரியோட கடைசி "மே" நீளாம நின்னு, அந்த மூச்சுல "வி", அப்புறம் அழுத்தமா "யன்னாவின்". அதீத எடுப்புன்னு சொல்றதுதான். வெளிநாட்டு ஊர்ப் பேரு பாட்டுல வர்றப்போ பாதி நேரம் இதுதான் தீர்வு. பேரை நசுக்கி வரிக்குள்ள திணிக்க வேண்டாம்.

வேகம்: போட்டிகள்ல மெதுவான வால்ட்ஸ் நிமிஷத்துக்கு 28 முதல் 30 சுற்று, வியன்னா வால்ட்ஸ் 58 முதல் 60 சுற்று. ஒரு சுற்றுன்னா மூணு தட்டு. பிள்ளைங்களுக்கு மெதுவான கணக்கே போதும். வியன்னா வேகத்துல சொல்லும் புரியாது, தலையும் சுத்தும்.

பவானிக்கரை:
அருமைங்க அண்ணா. பையன்களும் ஆடுறாங்க, "பாரடி" பொம்பளப் பிள்ளைங்களை மட்டும் கூப்பிடுற மாதிரி இருக்குதே. மாத்தலாங்களா?

ஈரோட்டுச் சந்தம்:
"மூன்றுதான் கண்மணி"ன்னு வெச்சுக்குங்க, மூணு எழுத்து சரியா உட்காருது. இயைபு போயிடுச்சேன்னு நினைக்காதீங்க. சிறுவர் பாட்டுக்கு வரி முதல் எழுத்து ஒத்து வர்றதும் சீர் தப்பாததும்தான் முக்கியம். கடைசி ஓசைக்காகப் பொருளை வளைச்சா பிள்ளைங்க வாயில அது நிக்காது.

ஒயில் வாத்தியார், கோபி:
எல்லாரும் வியன்னாவுக்குப் போயிட்டீங்க. பிள்ளைங்க காலுல ஏற்கனவே இருக்கிற மூணை விட்டுட்டு வெளியூர் மூணுக்கு ஏன் போகணும்? கும்மியில ஆரம்பிங்க. அதுவும் தகிடதான். நம்ம பக்கத்துல வள்ளி கும்மி நடக்காத ஊர் உண்டா? மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி எம். பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஆம்பளைங்க மட்டும் ஆடிக்கிட்டிருந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக் குடுத்தவர். உலக நடனம்னு ஒரு நிகழ்ச்சி வெச்சா அதுல கொங்கு நாடும் உலகத்துல ஒரு இடம்தானுங்களே.

நொய்யலின் ஓரத்தில் வட்டமாய்ச் சேரலாம்
நூறுபேர் கைகொட்டிக் கும்மியடி
வள்ளியின் பாட்டினை வாய்மணக் கப்பாடி
வாசலில் கைகொட்டிக் கும்மியடி

எண்ணிப் பாருங்க. மேல் வரி நாலு மூணு. கீழ் வரியில மூணு மூணா எடுத்தா "நூறுபேர், கைகொட்டி, கும்மிய" போக "டி" மட்டும் தனியா நிக்கும். அந்த "டி" ரெண்டு எண்ணிக்கை நீண்டு, ரெண்டு வரிக்கும் சேர்த்து எட்டாவது சீரை நிரப்பணும். அந்த நீட்டத்துலதான் உடம்பு திரும்பும். பிள்ளைங்க நீட்டத்தை விழுங்கிட்டு அடுத்த வரிக்குத் தாவிடுவாங்க. அங்கதான் வட்டம் உடையும், ஒருத்தர் முதுகுல ஒருத்தர் இடிப்பாங்க. "டி"யில ஜால்ராவை ஒரு தரம் ஓங்கித் தட்டி அதிர விடுங்க. ஓசை அடங்குற வரைக்கும் அடுத்த வரி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாப் போதும்.

குனிஞ்சு ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு. ஒவ்வொரு சீர் முதலுக்கும் ஒரு கொட்டு. மூணு எழுத்துக்கும் கொட்ட வேண்டாம், கை களைச்சுடும்.

தாளக்கட்டு:
வாத்தியார் சொன்னது இன்னொரு வழியில உதவுது. கும்மி கத்துக்கிட்ட பிள்ளைக்கு அயர்லாந்து ஜிக் பாதி வந்த மாதிரி. ஜிக் ஆறு எண்ணிக்கை, ரெண்டு தகிட. ஸ்லிப் ஜிக்னு ஒண்ணு உண்டு, அது ஒன்பது, மூணு தகிட. ரீல் நாலு, அது தகதிமி. பேரு தெரியாம எல்லாத்தையும் ஜிக்னு எழுதிட வேண்டாம்.

கும்மிக்கும் ஜிக்குக்கும் வித்தியாசம் வேகத்துலயும் கையிலயும். கும்மியில கைதான் ஆட்டம். ஜிக்குல கை ரெண்டும் உடம்போட ஒட்டி நேரா தொங்கும், வேலையெல்லாம் காலுக்கு. முதல்ல இப்படி எழுதினாங்கன்னு வெச்சுக்குங்க:

கைரெண்டும் நேராகக் கால்மட்டும் துள்ளுதே

எண்ணிக்கை சரி. வேகமாப் பாடுங்க, நாக்கு சிக்கும். "கைரெண்டும்", "கால்மட்டும்"னு ஒற்று அடுக்கடுக்கா வருது. மெதுவான கும்மியில ஒற்று கனம் சேர்க்கும், வேகமான ஜிக்குல அதே ஒற்று முட்டுக்கட்டை. குறில் நிறைய, ஒற்று கொஞ்சமா வேணும்:

பசிய தீவினில் பலகை மேடையில்
கரமும் ஆடலை குதியும் ஓயலை

இதை எவ்வளவு வேகமா வேணும்னாலும் பாடலாம். பலகைன்னு சும்மா போடலை. கனமான காலணியோட மரப்பலகை மேல ஆடுற ஓசையும் அந்த ஆட்டத்துல ஒரு வாத்தியம். சிமெண்ட் தரையில வெறுங்காலோட ஆடினா குதிகால் நோகும், ஓசையும் வராது. வகுப்புல பழைய மரப்பலகை இருந்தா ரெண்டைப் போட்டு, ரெண்டே பிள்ளைங்க ஆடட்டும். மத்தவங்க பாடட்டும்.

காங்கயத்துக் காற்சலங்கை:
மூணும் நாலும் மட்டும் வெச்சு எட்டுப் பாட்டு எழுதினா சலிச்சுடும். ஏழுக்கு வாங்க. நம்ம காதுக்கு மிஸ்ரம் புதுசில்லையே, தகிட தகதிமி. கிரேக்க நாட்டு கலமட்டியானோஸ் ஆட்டம் அச்சு அசல் அதேதான். மூணு, ரெண்டு, ரெண்டுன்னு எண்ணுவாங்க. நாம பின்பாதியைச் சேர்த்து நாலுன்னு சொல்றோம்.

கிரேக்க நாட்டினிலே கைகளைக் கோத்தபடி
வலது பக்கமாக வரிசை போகுதுபார்

மூணு, நாலு, மூணு, நாலு. ஏழு எழுத்து ஒரு சுற்று, ஒரு சுற்றுல மூணு அடி: நெடுசா ஒண்ணு, சுருக்கமா ரெண்டு. இந்த ஆட்டம் 12 அடியில ஒரு வளையம் முடியும். ரெண்டு வரியில நாலு சுற்று, 12 அடி. பாட்டும் அடியும் ஒரே இடத்துல முடிஞ்சு ஒரே இடத்துல தொடங்கும். இந்த மாதிரி அமையறதுதான் நடனப் பாட்டுக்கு அழகு. அமையலைன்னா வரியைக் கூட்டியோ குறைச்சோ அமைய வைக்கணும், விட்டுடக் கூடாது. ("நாட்டினிலே" நிரப்புச் சொல்லுதான், ஒத்துக்கறேன். ஆனா இங்க நாலு எழுத்தும் காலுக்கு வேலை செய்யுது.)

பல்கேரியாவுல ரச்செனிட்சான்னு ஒண்ணு. அதுவும் ஏழுதான், ஆனா மூணு கடைசியில வரும்: தக தக தகிட.

பல்கேரியா நாட்டிலே
துண்டை வீசி ஆடலாம்
எட்டு வைத்து ஓடிவா
சுற்றிச் சுற்றித் துள்ளிவா

இங்க "நாட்டினிலே"ன்னு ஒரு எழுத்து கூடுச்சுன்னா எட்டாயிடும், ஆட்டமே போச்சு. பிள்ளைங்க தானாவே கடைசி எழுத்தை நீட்டி எட்டாக்கத்தான் பார்ப்பாங்க, ஏன்னா எட்டுதான் காதுக்குச் சுகம். "லே", "லாம்", "வா" எதுவும் நீளக் கூடாது. முடிஞ்ச உடனே அடுத்த வரி மேல ஏறணும். ஒருத்தரை "தக தக தகிட" மட்டும் விடாம சொல்ல வைங்க, மத்தவங்க அது மேல பாடட்டும். கைக்குட்டையோட ஆடுற வழக்கம் அங்க உண்டு, ஒயிலாட்டத் துண்டையே எடுத்துக்கலாம்.

ஒயில் வாத்தியார், கோபி:
எடுத்துக்கலாம், ஆனா வீசுற விதம் வேறன்னு சொல்லிக் குடுங்க. ஒயிலுல துண்டு உடம்போட வளைஞ்சு வரும். அங்க துள்ளலோட உயர்த்தி வீசுவாங்க. ஒரே துண்டு, ரெண்டு வீச்சு. அதைப் பக்கத்துப் பக்கத்துல காட்டினா பார்க்கிறவங்களுக்கே விளங்கும்.

பவானிக்கரை:
ஃபிளமென்கோ கேட்குறாங்க பிள்ளைங்க. பாவாடை சுத்துறதுதான் அவங்களுக்குப் பிடிச்சிருக்குது. எத்தனை எண்ணிக்கைங்க?

காங்கயத்துக் காற்சலங்கை:
பலவகை உண்டு. புலேரியாஸ் வகையை எடுத்துக்குங்க. 12 எண்ணிக்கை, மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு உடையும். தகிட தகிட தக தக தக. தென் ஸ்பெயின்ல அந்தலூசியாவுல வளர்ந்த கலை, ரோமா மக்களோட பங்கு அதுல பெருசு. 2010-ல யுனெஸ்கோவோட மரபுக் கலைப் பட்டியல்ல சேர்ந்துச்சு.

கித்தாரும் பேசுது காலும் தட்டும் பாரு
பாவாடை சுத்துது கையும் கொட்டும் கேளு

ஒரு வரி 12 எழுத்து, அஞ்சு சொல்லு, அஞ்சு அழுத்தம். ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்துலயும் கொட்டணும். மூணாவது கொட்டுக்கு அப்புறம் இடைவெளி சுருங்குறது பிள்ளைங்களுக்குப் புதுசா இருக்கும். சொல்லு எல்லை தாளத்தோட எல்லையா இருக்கிறதால அவங்க எண்ணவே வேண்டியதில்ல, சொல்லைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். ஒரு சொல் ரெண்டு கூறுக்கு நடுவுல உடைஞ்சு கிடந்தா இந்த வசதி போயிடும். நிஜமான புலேரியாஸ் பாய்ச்சல் வேகம். மேடையில பாதி வேகத்துல வைங்க.

கைகொட்டுறதுலயும் ரெண்டு வகை. ஒரு கையோட விரல்களால மறு உள்ளங்கையில அடிச்சா கணீர்னு கேட்கும். ரெண்டு உள்ளங்கையையும் குழிச்சு அடிச்சா மந்தமா கேட்கும். பாட்டு வர்ற இடத்துல மந்தம், காலடி மட்டும் கேட்கிற இடத்துல கணீர். இது தெரியாம எல்லாரும் ஓங்கிக் கொட்டினா பாட்டு அமுங்கிடும்.

உடுமலை விளையாட்டு வாத்தியார்:
பிலிப்பைன்ஸ் தினிக்லிங்கை விட்டுட்டீங்களே. மூங்கில் ஆட்டம், பிள்ளைங்களுக்கு உயிர். ரெண்டு மூங்கிலை ரெண்டு பேர் எதிரெதிரா உட்கார்ந்து பிடிக்கணும். மூணு தட்டு: ஒரு தரம் மூங்கிலும் மூங்கிலும் மோதும், ரெண்டு தரம் தரைக்கட்டையில தட்டும். மோதுறப்போ கால் வெளியே, தட்டுறப்போ கால் உள்ளே. லெய்த்தே தீவு ஆட்டம் அது. வயல்ல கண்ணிக்குத் தப்பித் தாவுற திக்லிங் பறவையோட நடையைப் பார்த்து வந்ததுன்னு சொல்வாங்க. கானாங்கோழி இனத்துப் பறவை அது. கோபி வாய்க்கால் ஓரத்துல வாலை வெட்டி வெட்டி நடக்குமே, அந்தச் சாதி. பிள்ளைங்களுக்கு அதைக் காட்டினா நடை புரிஞ்சுடும்.

மூங்கில் எட்டடி நீளம் போதும். கணுவை இழைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, சிராய் ஏறுச்சுன்னா அன்னிக்கு ஒத்திகை போச்சு. நுனிக்கு அடியில ரெண்டங்குலத் தடிமன்ல கட்டை, இல்லைன்னா விரல் நசுங்கும். நேரா மூங்கிலுக்குப் போகக் கூடாது. முதல்ல சாக்பீஸ் கோடு ரெண்டு. அப்புறம் ரெண்டு பேர் கணுக்காலுல மாட்டின எலாஸ்டிக் கயிறு, அவங்க காலைச் சேர்த்து விரிப்பாங்க, நடுவுல ஒருத்தர் தாண்டட்டும். தப்பினாலும் அடிபடாது. கடைசியாத்தான் மூங்கில். அடிபடுறது ஆடுறவங்க தப்பால இல்ல, மூங்கில் பிடிக்கிறவங்க வேகம் கூட்டுறதால. தாளம் நிக்கிற பிள்ளையா பார்த்து மூங்கில்ல உட்கார வைங்க.

ஈரோட்டுச் சந்தம்:
இதுக்குத் தகிட போட்டு எழுதினா ஒரு எண்ணிக்கைக்கு ஒரே எழுத்துதான், கட்டளைச் சொல்லு கொள்ளாது. எண்ணிக்கைக்கு ரெண்டு எழுத்து வெச்சா மூணு சொல்லு, மூணு தட்டு:

மோதும் தட்டும் தட்டும்
தாண்டு உள்ளே உள்ளே
கோழிக் காலைத் தூக்கு
கண்ணி வந்து மாட்டும்

முதல் வரி மூங்கில் பிடிக்கிறவங்க பாடணும், ரெண்டாவது ஆடுறவங்க. அவங்கவங்க வேலையை அவங்கவங்க வாய் சொல்லும். "தாண்டு உள்ளே" ரெண்டையும் புணர்த்தித் "தாண்டுள்ளே"ன்னு எழுதிடாதீங்க. ஒரு எழுத்து குறையும், அந்தக் குறையில கால் மாட்டும்.

பவானிக்கரை:
இதைப் படிக்கறப்பவே கால் தாவுதுங்க அக்கா. மிச்சம் ரெண்டு இருக்குது. "ஆப்பிரிக்க நடனம்"னு ஒண்ணும், ஹவாய் ஹூலாவும். ஹாக்காவும் போடலாமான்னு ஒரு யோசனை.

ஈரோட்டுச் சந்தம்:
"ஆப்பிரிக்க நடனம்"னு ஒரு நடனம் கிடையாது தம்பி. ஐம்பதுக்கு மேல நாடுகள் இருக்கிற கண்டம் அது. ஒரு மக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கென்யா, தான்சானியாவுல மாசாய் மக்களோட அடுமு ஆட்டம் இருக்குது. நேரா நின்னு மேல மேல குதிக்கிறது, குதிகால் தரையைத் தொடாது. அது ஒண்ணே போதும், பாட்டுக்கு உயிர் குடுக்கும். "காடு", "கூச்சல்", "கறுப்பு"ன்னு வர்ணிக்கிற வழக்கமான சொல்லு ஒண்ணு கூட வேண்டாம். பிள்ளைங்க மனசுல முதல்ல பதியறது நிலைச்சுடும்.

ஹாக்கா வேண்டாம்னு நினைக்கிறேன். நியூசிலாந்து மாவோரி மக்கள் விருந்தினரை வரவேற்கவும், இறந்தவங்களுக்கு மரியாதை செய்யவும் ஆடுறது அது. சொல்லுக்குப் பொருளும் உரியவங்களும் உண்டு. நாக்கை நீட்டி முழிச்சுக் காட்டுற வேடிக்கையா அதைச் சுருக்குறது தப்பு.

ஹூலாவுக்கு வேற மாதிரி எழுதணும். அங்க கை கதை சொல்லும். வரிக்கு ஒரு காட்சி, காட்சிக்கு ஒரு கையசைவு. 1830-ல பொது இடத்துல ஆடக் கூடாதுன்னு தடுத்த ஆட்டம். 1883-ல மன்னர் கலாகௌவா தன்னோட முடிசூட்டு விழாவுல அதை ஆட வெச்சார். பழைய முறையில சுரைக்குடுக்கையைத் தட்டித்தான் பாடுவாங்க. நம்ம ஊர்க் காய்ஞ்ச சுரைக்குடுக்கையே போதும், பறை வேண்டாம்.

அலைகள் வருது அலைகள் வருது
நிலவு மெல்ல ஏறி வருது
மழையின் தூறல் இலையில் விழுது
மலையின் மேலே மேகம் தவழுது

வரிக்கு நாலு சொல்லு, நாலு அடி. முதல் வரி வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். எழுத்து எண்ணிக்கை இங்க கூடக் குறைய இருக்கலாம், மெதுவான ஆட்டம், நீட்டிக்கலாம். ஆனா "நீலக் கடலின் நெடிய அலைகள்"னு அடைமொழி சேர்க்காதீங்க. அடைமொழிக்குக் கை கிடையாது.

தாளக்கட்டு:
வரிசை ஒண்ணு சொல்லிடறேன். கும்மி, வால்ட்ஸ், ஜிக் மூணும் தகிட, அடுத்தடுத்து வெச்சா வேகம் மட்டும் மாறும், பறைக்காரருக்கும் சுலபம். அப்புறம் ஹூலா, பிள்ளைங்க மூச்சு வாங்கட்டும். அப்புறம் கிரேக்கம், பல்கேரியா. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு அறிவிப்பாவது வேணும், இல்லைன்னா ஒரு ஏழு இன்னொரு ஏழுல கலந்துடும். ஃபிளமென்கோ, அடுமு, கடைசியா தினிக்லிங். மூங்கிலைக் கொண்டு வந்து போட்டு எடுக்க நேரம் ஆகும், அதனாலதான் கடைசி. அதோட ஒன்பது ஆகுது, நேரம் பத்தலைன்னா பல்கேரியாவை எடுத்துடுங்க.

பவானிக்கரை:
பல்கேரியாவை எடுக்க மாட்டேனுங்க அண்ணா, அடுமுவுக்கு இன்னும் வரி வரலையே. குதிகால் தரையைத் தொடாத ஆட்டத்துக்கு எந்த எண்ணிக்கை வைக்கறது?

உடுமலை விளையாட்டு வாத்தியார்:
எண்ணிக்கையைப் பிள்ளைங்க மூச்சுல இருந்து எடுங்க. ஒரு வரியை ஒருத்தர் பாடட்டும், சுத்தி நிக்கிறவங்க தாழ்ந்த குரல்ல "ஓ" மட்டும் இழுக்கட்டும். குதிக்கிறவங்க பாட வேண்டாம். குதிச்சுக்கிட்டே பாடினா நாலாவது குதியில சொல்லு உடைஞ்சுடும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி முன்பாதத்துல இறங்கச் சொல்லுங்க, விறைச்ச காலோட இறங்கினா முட்டி நோகும். ஒருத்தருக்கு ஆறு, ஏழு குதி போதும், மாத்தி மாத்தி ரெண்டு ரெண்டு பேரா நடுவுக்கு வரட்டும்.